கைப்பிடியும் கைப்பழக்கமும்

கருவி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பது இரும்பே ஆகும். கோடாரி என்றால் அதன் வாயை நினைக்கிறோம். உளி என்றால் அதன் கூர்மையை நினைக்கிறோம். மண்வெட்டி என்றால் அதன் தகட்டை நினைக்கிறோம். கடைக்காரரும் இரும்பைத் தட்டி ஓசை காட்டித்தான் விலை சொல்லுகிறார். ஆனால், நண்பர்களே, வாழ்நாளில் ஒரு முறையேனும் நாம் கோடாரியின் வாயைப் பிடித்து வேலை செய்ததுண்டா? நாம் பிடிப்பதெல்லாம் காம்பைத்தான். அந்தக் காம்பைப் பற்றிச் சிந்திப்பவர் மிகச் சிலர். நானும் சிந்தியாதவனாகவே இருந்தேன், சென்ற ஆண்டுச் சித்திரை மாதம் வரையில்.

கை நீண்ட கதை

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது மனிதன் செதுக்கிய கல். பழைய கற்காலத்துக் கைக்கோடாரி. பின்னர் அவரும் அவருடைய தோழரும் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கற்களைக் கண்டனர். அவ்விடத்துக் கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அக்கோடாரிகளுக்குக் காம்பு கிடையாது. உள்ளங்கையில் அடக்கிப் பிடித்து வெட்ட வேண்டியதுதான். கல்லுக்கும் கைக்கும் இடையே ஒரு கோலைச் செருகலாம் என்னும் எண்ணம் மனிதனுக்குத் தோன்றுவதற்கு இலட்சக்கணக்கான ஆண்டுகள் சென்றன.

அந்தக் கோல் செய்த மாறுதல் சிறியதன்று. காம்பு என்பது நீண்ட கை. தோளைச் சுழற்றும் வேகம் ஒன்றாகவே இருந்தாலும், சுழலும் நீளம் இருமடங்கானால் நுனியின் வேகம் இருமடங்காகும். வேகம் இருமடங்கானால் அடியின் ஆற்றல் நான்கு மடங்காகும். அது மட்டுமா? அடி விழும்போது எழும் அதிர்ச்சியை மரம் தன் நார்களுக்குள் வாங்கி அடக்கிக்கொள்கிறது. முழுதும் இரும்பாலான சம்மட்டியால் பாறையை அடித்துப் பார்த்தவர்க்கு இதன் அருமை முழங்கையில் தெரியும்.

1991-ஆம் ஆண்டு ஆல்ப்சு மலையின் பனிக்குள்ளிருந்து ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவனின் உடல் கிடைத்தது. அவனருகே செம்புக் கோடாரி ஒன்றும் இருந்தது. அதன் காம்பு யூ என்னும் மரத்தால் ஆனது. நீளம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். பனி காத்தமையால் அக்காம்பு நமக்குக் கிடைத்தது. நம்முடைய வெப்ப நாட்டில் மண்ணுக்குள் மரம் நெடுநாள் நிற்பதில்லை. ஆதலால் அருங்காட்சியகங்களில் நாம் பார்ப்பனவெல்லாம் பெரும்பாலும் தலைகளே. காம்புகளையும் அவற்றைச் செதுக்கிய கைகளையும் கறையான் தின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக் கொட்டகை

இத்தனையும் நான் தெரிந்துகொண்டது நூலகத்தில் அன்று. வித்துராவில், இரப்பர்த் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் நிற்கும் ஒரு தகரக் கொட்டகையில்.

அந்தக் கொட்டகை ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவருடையது. ஞாயிறுதோறும் அங்கே ஆறேழு பேர் கூடுவோம். கணக்கு சார், மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரியும் ஓர் அக்கா, ஆட்டோ ஓட்டும் இளைஞர் ஒருவர், நம் வளாகத்திலிருந்து ஈரோட்டு நண்பன், திருநெல்வேலிப் பக்கத்தவனான நான். தச்சுவேலை எங்களில் எவருக்கும் தொழிலன்று, விருப்பம். எங்களுக்கு ஆசான் ஒருவர் உண்டு. அவர் பிறப்பாலும் தொழிலாலும் தச்சர். அவரை ஆசாரியண்ணன் என்று அழைப்போம். கேரளத்தின் பிற பகுதிகளில் 'சேட்டன்' என்பதைத் திருவனந்தபுரத்துப் பக்கத்தில் 'அண்ணன்' என்றே சொல்லுகிறார்கள். வீட்டைவிட்டு வந்த நமக்கு அந்த ஒரு சொல்லே பாதி ஊர்.

மற்றச் சொற்களும் அயலாக இல்லை. உளி இரு மொழியிலும் உளிதான், வாச்சியும் அவ்வாறே. நாம் கொட்டாப்புளி என்பதை அவர்கள் கொட்டுவடி என்பார்கள். நம் இழைப்புளி அவர்களுக்குச் சிந்தேர். இதில் வியப்பில்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் எல்லை வகுக்கப்படும் வரையில் கல்குளமும் விளவங்கோடும் நெடுமங்காடும் ஒரே அரசின் கீழ் இருந்தவை. திருவிதாங்கூரின் மரவேலைக்குப் பெருஞ்சான்றாகிய பத்மநாபபுரம் அரண்மனை, தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு கேரள அரசின் பொறுப்பில் இன்றும் இருக்கிறது. உளிக்கு எல்லைக்கோடு தெரியாது.

கொட்டகையில் வேலை எவ்வளவு நடக்குமோ அவ்வளவு கேலியும் நடக்கும். புதியவன் ஒருவன் நன்றாக ஒரு மூட்டைப் பொருத்திவிட்டால், உடனே எல்லாரும், "மேலே பார், மேலே பார்!" என்று கூவுவார்கள். தன்னை மிஞ்சிய மகன்மீது பெருந்தச்சன் உயரத்திலிருந்து உளியை நழுவவிட்டான் என்பது கேரளத்துப் பழங்கதை. அங்கே பாராட்டு அந்த வடிவத்தில்தான் கிடைக்கும். பழிப்போ நேராகவே கிடைக்கும். எனக்குக் கிடைத்ததை இனிச் சொல்லுகிறேன்.

பறந்த கோடாரி

ஓர் ஆடி மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாள்களில், அண்டை வீட்டுத் தோட்டத்தில் சாய்ந்த புளியமரத்துக் கிளையிலிருந்து ஒரு கோடாரிக் காம்பு செய்தேன். இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிட்டேன். ஆப்பு அடித்தேன், தலை அசையவில்லை. ஆசாரியண்ணன் அப்போது தம் வேலையாக வெளியூர் போயிருந்தார். அவர் வந்து பார்க்கட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. அந்தக் கோடாரியை ஊருக்கு எடுத்துச் சென்று தந்தையாரிடம் கொடுத்தேன். "ஏல, இது நீ செஞ்சதாலே?" என்று அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பங்குனி வெயிலில் தலை ஆடத் தொடங்கியது. ஊர் வழக்கப்படி கோடாரியைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டார்கள். இறுகியது, ஒரு வாரத்தில் மீண்டும் ஆடியது. மறுபடியும் ஊறப்போட்டார்கள். சித்திரை விடுமுறைக்கு நான் வீட்டில் இருந்தபோது, விறகு பிளந்துகொண்டிருந்த தந்தையார் கையில் காம்பு மட்டும் நின்றது. தலை பறந்தது. ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த என் தங்கைக்கு இரண்டு முழம் தள்ளி அது மண்ணில் பதிந்தது.

ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. தந்தையார் அதை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

வித்துராவுக்குத் திரும்பி இதைச் சொன்னபோது, அக்கா முதலில் கேட்டது, "தங்கச்சிக்கு ஒன்றும் இல்லையே?" என்பதுதான். இல்லை என்று தெரிந்த பிறகே சிரிப்பு எழுந்தது. எழுந்த சிரிப்பு மூன்று ஞாயிறுகள் ஓயவில்லை. "எந்த விமான நிலையத்திலிருந்து புறப்பட்டது?" என்றார் ஆட்டோ நண்பர். "இறங்கும்போது அறிவிப்புச் செய்தாயா?" என்றான் ஈரோட்டான். ஆசாரியண்ணன் சிரிக்கவில்லை. அந்தக் காம்பைக் கொண்டுவரச் சொல்லி, அதை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டார். மரம் எது? நார் எப்படி? ஈரம் போயிற்றா? கண்ணில் எப்படி இறுக்கினாய்? ஒவ்வொரு கேள்வியும் ஒரு பாடம். அவற்றையே இங்கே முறையாக எழுதுகிறேன்.

மரம் எது?

எல்லா மரமும் காம்பாகாது. தேக்கு மரங்களின் அரசன். ஆயினும் ஓங்கி அடிக்கும் கருவிக்கு அது ஏற்றதன்று. அரசனுக்கு அடி தாங்காது. காம்புக்கு வேண்டுவது வளைந்து மீளும் தன்மை. அடியை வாங்கி வளைய வேண்டும். வளைந்து ஒடியாமல் நிமிரவேண்டும். ஐரோப்பியர் இதற்கு ஆஷ் மரத்தையும், அமெரிக்கர் ஹிக்கரி மரத்தையும், சப்பானியர் தம் நாட்டு ஓக் மரத்தையும் கண்டறிந்து வைத்திருக்கின்றனர். 2002-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு அதன் பின் பல கோடி ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. காம்புக்கு மரம் கிடைப்பது அவர்களுக்கே அரிதாகி வருகிறது.

நம் நாட்டில் இவ்விடத்தை வகிப்பது சடச்சி. தாவர நூலார் இதனைக் கிரூவியா டிலிஃபோலியா என்பர். மலையாளத்திலும் இதற்குச் சடச்சி என்றே பெயர். ஆஷ், ஹிக்கரி இரண்டுக்கும் ஈடாக வைத்து எண்ணத்தக்க மரம் இது. வெக்காலி மற்றொன்று. ஆங்கிலேயர் அதனை அச்சு மரம் என்ற பொருளில் அழைத்தனர். மலையாளத்தில் மழுக்காஞ்சிரம் என்று ஒரு பெயர் உண்டு. மழு என்பது கோடாரி. மரத்தின் பயன் அதன் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டுச் சமவெளியில் கருவேலும் புளியும் உழவனுக்கு உதவுகின்றன. வீட்டுக் கொல்லையில் நிற்கும் கொய்யாவும் எளிதில் ஒடியாத மரமே. சிறுவயதில் நாம் சுற்றிய பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

வித்துராவைச் சுற்றிக் காடு இருக்கிறதே, அங்கே மரத்துக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். அருகிலுள்ள பேப்பாறை 1983 முதல் வனவிலங்குச் சரணாலயம். அங்கே ஒரு சுள்ளியையும் தொடலாகாது. எங்களுக்குக் கிடைப்பவை தோட்டத்தில் சாய்ந்த மரங்களும், அறுவை ஆலையில் விலைக்கு வாங்கும் துண்டுகளுமே.

மரத்துக்குள்ளும் தேர்வு உண்டு. வெளிவட்டத்து வெள்ளை மரத்தில் மாச்சத்து மிகுதி. வண்டு துளைத்து மாவாக்கிவிடும். உள்ளே உள்ள நிறம் ஏறிய பகுதியே நம் நாட்டுக்கு ஏற்றது. இதைச் சொல்லும்போதுதான் ஆசாரியண்ணன், "காதலுள்ள தடி நோக்கி எடுக்கணம்" என்றார். ஈரோட்டு நண்பன் உளியைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணா, எங்கள் ஊரில் காதல் மனிதனுக்குத்தான் வரும். மரத்துக்குமா வரும்?"

மலையாளத்தில் காதல் என்றால் மரத்தின் உள்ளீடு. அதை விளக்கிய பிறகு அவர், "அப்படியானால் நீங்கள் இதை என்னவென்று சொல்லுவீர்கள்?" என்று கேட்டார். வைரம் என்போம் என்றோம். வைரம் பாய்ந்த கட்டை என்பது நம் வழக்கு.

அவர் தலையை அசைத்தார். "ஒரு துண்டு மரத்துக்குள் வைரம் தேடுகிறீர்களா? பேராசைதான். நாங்கள் காதல் கிடைத்தால் போதும் என்று இருந்துவிடுவோம்."

அன்று தமிழ்க்கட்சி தோற்றது.

நாரும் ஈரமும்

மரம் என்பது நீண்ட நார்களின் கட்டு. ஈர்க்குமாற்றை நினைத்துக்கொண்டால் போதும். நாரின் நெடுக்கில் இழுத்தால் மரம் தரும் வலிமை, நாருக்குக் குறுக்கே இழுத்தால் தரும் வலிமையைவிடப் பல மடங்கு மிகுதி. ஆகையால் காம்பின் ஒரு முனையில் தொடங்கிய நார் மறு முனைவரை ஓடவேண்டும். இடையில் பக்கவாட்டில் வெளியேறினால், அந்த இடத்தில்தான் காம்பு சரிந்து பிளக்கும். பழைய தச்சர்கள் காம்புக்குக் கட்டையை அறுப்பதில்லை. ஆப்பு வைத்துப் பிளப்பார்கள். வாள் தன் விருப்பப்படி போகும். பிளவு நாரின் விருப்பப்படிதான் போகும். பிளந்த துண்டைக் கல்லின்மேல் போட்டு ஓசை கேட்பதும் ஒரு சோதனை. நல்ல கட்டை கணீரென்னும். உள்வெடிப்புள்ளது சொத்தென்று விழும்.

இந்த இரண்டு கேள்வியிலும் நான் தேறிவிட்டேன். புளி பொருத்தமானது, நாரும் நேராக இருந்தது. மூன்றாவது கேள்வியில்தான் விழுந்தேன்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், வறண்டபோது கக்கும். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காடு இருக்கும் மழைக்காலத்தில், உலர்ந்த மரமேகூடத் தன் எடையில் ஏறத்தாழ 18 விழுக்காடு நீரை வைத்திருக்கும். ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கு இறங்கினால் அது ஏறத்தாழ 9 விழுக்காடாகக் குறையும். நான் எடுத்ததோ பச்சைக் கிளை. அதில் இருந்த நீருக்குக் கணக்கே இல்லை. நீர் போகும்போது மரம் சுருங்குகிறது. நெடுக்கில் அச்சுருக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு. குறுக்கிலோ அது பெரிது. 20 மில்லிமீட்டர் கனமுள்ள காம்பின் கழுத்து ஒரு மில்லிமீட்டர் சுருங்கினால் போதும், தலைக்குச் சிறகு முளைத்துவிடும். ஆடி மழையில் வித்துராவில் இறுகிய காம்பு, பங்குனி வெயிலில் திருநெல்வேலிச் சீமையில் தளர்ந்தது இயற்கையின் கணக்கு. நான் மட்டுமே அந்தக் கணக்கைப் போடவில்லை.

ஊறப்போட்டது ஏன் பயன்படவில்லை? உண்மையில் அது தீங்கே செய்தது. நீரில் ஊறிய மரம் பருக்க முயல்கிறது. சுற்றிலும் உள்ள இரும்பு அதைப் பருக்க விடுவதில்லை. ஆகவே மரத்தின் நுண்ணிய அறைகள் நசுங்குகின்றன. மீண்டும் உலரும்போது மரம் முன்னிருந்த அளவைவிடச் சிறியதாகிவிடுகிறது. ஒவ்வொரு முறை ஊறவைக்கும்போதும் அடுத்த தளர்ச்சிக்கு நாமே வழி செய்கிறோம். தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் மண்வெட்டியும் கோடாரியும் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கின்றன. இதைப் படிப்பவர்கள் ஊருக்குப் போகும்போது அவற்றை வெளியே எடுத்து வைத்தால் அதுவே பெரும்பணி.

முறையான வழி எளியது, பொறுமைதான் வேண்டும். கட்டையைத் தேவையைவிடப் பருமனாகச் செதுக்கி, இரு முனைகளிலும் சாணமோ மெழுகோ பூசி, மழை படாத பரணில் மாதக்கணக்கில் வைக்கவேண்டும். முனைகளின் வழியே நீர் விரைந்து வெளியேறி வெடிப்பு உண்டாகாமல் அப்பூச்சு காக்கும். கணக்கு சார் வாரந்தோறும் கட்டையைச் சமையலறைத் தராசில் நிறுத்துச் சுவரில் எழுதிவைப்பார். எடை குறைவது என்றைக்கு நிற்கிறதோ அன்றுதான் அது காம்பாகத் தகுதி பெறும். "உன் கட்டை இன்னும் அழுதுகொண்டிருக்கிறது, விட்டுவிடு" என்று அவர் சொன்னால், எடை இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கண்ணும் ஆப்பும்

கருவிகளில் இரு குலம் உண்டு. உளி, அரம், அரிவாள் போன்றவற்றில் இரும்புக்கு வால் இருக்கும். அந்த வால் மரப்பிடிக்குள் நுழையும். பிடி பிளக்காதிருக்க வாயில் ஒரு பூண் போடுவார்கள். கோடாரி, சுத்தியல் போன்றவற்றில் இரும்புக்குக் கண் இருக்கும்; அந்தக் கண்ணுக்குள் மரம் நுழையும். உயிருக்கு ஆபத்து விளைவிப்பது பெரும்பாலும் இரண்டாவது குலமே.

கண்ணுள்ள கருவிகளிலும் குந்தாலிக்கு ஆப்பு வேண்டியதில்லை. அதன் காம்பு மேலே பருத்திருக்கும். தலையை அடிப்பக்கமிருந்து போட்டு மேலே ஏற்றுவார்கள். வீசும்போது தலை வெளிநோக்கி ஓட முயலும். ஓட ஓட இறுகும். கோடாரியின் அமைப்பு வேறு. அதன் கண் மேற்புறத்தில் சற்று அகன்றிருக்கும். காம்பின் உச்சியில் கண்ணின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வெட்டு இட்டு, தலையை ஏற்றி, அவ்வெட்டுக்குள் நன்கு உலர்ந்த வன்மரத்து ஆப்பை அடித்தால், உச்சி விரிந்து அந்த அகலத்தை அடைக்கும். உள்ளே போன வழியாக அது திரும்பி வர இயலாது. என் ஆப்பும் அதே பச்சைக் கிளையில் செதுக்கியதுதான். காம்பு சுருங்கியபோது ஆப்பும் உடன் சுருங்கியது. கணக்கு சார் என்னை "ஆப்பசைத்த குரங்கு" என்றார். கதையில் வந்த குரங்காவது ஆப்பைத் தானே பிடுங்கியது, நீ ஆப்பு தானாக விழும்படி செய்திருக்கிறாய் என்றும் விளக்கினார்.

தலையை ஏற்றும் முறையில் ஒரு வேடிக்கை உண்டு. காம்பின் உச்சியில் தலையைத் தளர்வாக மாட்டி, தலை கீழே இருக்கும்படி காம்பைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள அடிமுனையைக் கொட்டாப்புளியால் தட்டவேண்டும். தலை என்ன செய்யும்? கீழே விழும் என்று நான் ஒரு தேநீர் பந்தயம் கட்டினேன். ஆசாரியண்ணன் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் தலை மேல்நோக்கி ஏறி இறுகியது! கனமான இரும்பு தன் நிலையிலேயே நிற்க விரும்புகிறது. இலேசான காம்பு அடி பட்டதும் அதற்குள் இறங்குகிறது. நியூட்டனின் முதல் விதியைத் தேர்வில் பிழையின்றி எழுதியவன் நான். அன்று ஏழு தேநீருக்குக் காசு கொடுத்தேன்.

கடைசியாக எண்ணெய். ஈரம் விரைந்து ஏறி இறங்காமலிருக்கக் காம்புக்கு எண்ணெய் பூசுவது நன்று. "தேங்காயெண்ணெய் இருக்கும்போது வேறு எதற்கு?" என்றார் ஆட்டோ நண்பர். தலைக்கும் சமையலுக்கும் அது சரி, காம்புக்கு ஆகாது. அது உலர்ந்து கெட்டிப்படுவதில்லை. என்றும் பிசுபிசுப்பாகவே நிற்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டியாகி மரத்தின் துளைகளை அடைக்கும். கடைக்காம்புகளில் மின்னும் வார்னீஷ் பார்வைக்கு அழகு. உள்ளங்கையில் கொப்புளம் போடுவதில் முதன்மையானது.

யார் கைக்கு?

நான்கு கேள்விகளோடு பாடம் முடிந்தது என்று எண்ணினேன். ஐந்தாவதை அக்கா கேட்டார். "இதை உன் கைக்குச் செய்தாயா, உன் அப்பா கைக்குச் செய்தாயா?"

என்னால் விடை சொல்ல முடியவில்லை. நான் என் கைக்குத்தான் செய்திருந்தேன். அவருடைய கை என்னுடையதைவிடச் சிறியது. நாற்பது ஆண்டு உழைப்பில் விரல்கள் முழுதும் மடங்குவதில்லை. பிடித்தால் விரல் நுனி உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் பருமனே சரியான பருமன். அதற்கு மேற்பட்டால் பிடி நழுவாமலிருக்க எந்நேரமும் இறுக்கவேண்டும், கை சோரும். காம்பின் குறுக்குவெட்டு வட்டமாக இராமல் முட்டை வடிவாக இருக்கவேண்டும். அப்போதுதான் வாய் எத்திசையை நோக்கியிருக்கிறது என்பது இருட்டிலும் கைக்குத் தெரியும். கேரளத்துத் தச்சர் அளவுக்கோலில் 24 விரல் கொண்டது ஒரு கோல், ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். மரம் வெட்டும் கோடாரிக்கு அந்நீளம் பொதுவாகப் பொருந்தும் என்றாலும், பயன்படுத்துவோரின் கைநீளமே முடிவான அளவு.

அக்கா இதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. கடையில் வாங்கிய உளிகள் யாவும் தம் கைக்குப் பெரியவை என்று அவர் முதல் நாளே எல்லாப் பிடிகளையும் கழற்றி எறிந்து, கொய்யாக் கட்டையில் தாமே சிறிய பிடிகளைக் கடைந்துகொண்டவர். இரும்பை எவருக்கும் பொதுவாகச் செய்யலாம். தொழிற்சாலை அதை நன்றாகவே செய்கிறது. பிடியோ ஒருவருக்கென்று செய்யவேண்டியது. அளவெடுக்காமல் தைத்த சட்டை அழகைக் கெடுக்கும். அளவெடுக்காமல் செய்த காம்பு ஆளையே கெடுக்கும்.

கேலியும் கூலியும்

ஒருநாள் நான் ஆசாரியண்ணனிடம், இந்த வேலை எவ்வளவு மன அமைதி தருகிறது என்று வியந்து பேசிக்கொண்டிருந்தேன். அவர் சிந்தேரை நிறுத்தாமலேயே சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை செய்தால் அமைதி. திங்கட்கிழமையும் செய்து பார், கூலி என்பார்கள்."

அதில் கோபம் இல்லை, உண்மை இருந்தது. நாம் உளியைப் பிடித்தால் 'என்ன திறமை!' என்கிறார்கள். பரம்பரையாக அதைப் பிடித்தவருக்கு அந்தப் பாராட்டு எளிதில் கிடைப்பதில்லை. தொடக்கத்தில் அவர் கற்பிக்கும் நாளுக்குப் பணம் கொடுப்பது மரியாதைக் குறைவோ என்று நாங்கள் தயங்கினோம். அவரே அத்தயக்கத்தைத் தீர்த்தார். "கணக்கு சார் முப்பது வருடம் சம்பளம் வாங்காமலா பாடம் நடத்தினார்?" அன்று முதல் ஞாயிறுதோறும் அவருடைய நாட்கூலியை அனைவரும் பகிர்ந்து கொடுத்துவருகிறோம். நாங்கள் விளையாட்டாகச் செய்வதற்குப் பின்னே ஒருவருடைய வாழ்நாள் இருக்கிறது என்பதை அந்தச் சிறு தொகை எங்களுக்கு நினைவூட்டுகிறது.

கைத்தொழில் வழியாகவே கல்வி நடக்கவேண்டும் என்று 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் வற்புறுத்தினார். அதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சுவீடன் நாட்டு நேஸ் என்னுமிடத்தில் ஆட்டோ சாலமன் என்பவர் மரவேலையைப் பள்ளிக் கல்வியின் ஒரு பகுதியாக்க ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். தச்சரை உருவாக்குவது அவர்தம் நோக்கமன்று. கையும் கண்ணும் கருத்தும் ஒன்றுபட்ட மாணவனை உருவாக்குவதே நோக்கம். மதிப்பெண்ணைக் கெஞ்சி வாங்கலாம். தளர்ந்த காம்பிடம் கெஞ்ச முடியாது. இதை நான் எந்தத் தேர்விலும் கற்கவில்லை.

கேலியைப் பற்றியும் ஒரு சொல். அக்கொட்டகையில் கேலி என்பது அரம் போன்ற ஒரு கருவி. ஒருவன் செய்ததை மற்றவன் கையில் வாங்கிப் பார்த்து, குறை கண்டு, சிரித்துச் சொல்லுகிறான். சிரித்துச் சொல்லுவதால் கேட்பவனுக்கு நோவதில்லை, நோகாததால் மறைப்பதில்லை. என் தவறு, நான் தனியே செய்து, ஒருவரிடமும் காட்டாமல், அவசரமாக ஊருக்கு எடுத்துப் போனதுதான். அந்தக் காம்பை ஒரு ஞாயிறு அவர்கள் கையில் கொடுத்திருந்தால், யாரேனும் ஒருவர் "இது இன்னும் அழுகிறதே!" என்று சிரித்திருப்பார். என் தங்கை அன்று அத்தனை அருகில் இரும்பைக் கண்டிருக்கமாட்டாள்.

கோடாரிக் காம்பு குலத்துக்கு ஈனம் என்பது நம் பழமொழி. மரத்தின் குலத்தை அழிக்க மரமே துணைபோகிறது என்பது கருத்து. மலையாளத்திலும் இனத்துக்குக் கேடு செய்பவனைக் கோடாலிக்கை என்பார்கள். ஒருநாள் இரண்டையும் ஒப்பிட்டுப் பேசியபோது ஆசாரியண்ணன், "காம்பு கெட்டது என்று கோடாரிக்காரன்தான் சொல்லியிருப்பான், பழியைத் தள்ள ஓர் இடம் வேண்டுமே" என்றார். என் கதைக்கும் அது பொருந்துகிறது. தவறு காம்பினுடையதன்று.

சென்ற மார்கழியில் புதிய காம்பு ஒன்று முடிந்தது. ஏழு மாதம் பரணில் கிடந்த கட்டை, நார் நேர், ஆப்பு வேறு உலர்ந்த மரம், பருமன் தந்தையாரின் கைக்கு. தொலைபேசியில் தங்கையை அவர் கையைச் சுற்றி நூலால் அளக்கச் சொல்லி வாங்கிய அளவு அது. இந்தச் சித்திரையில் அவர் அதால் ஒரு நாள் முழுதும் விறகு பிளந்தார். மாலையில் கோடாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "தலை நிக்குதுலே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டகையில் இதைச் சொன்னபோது எல்லாரும் ஒரே குரலில், "மேலே பார்!" என்றார்கள்.

நம் விடுதி அறைகளிலும் ஆணி அடிக்க ஒரு சுத்தியல் இருக்கும். அடுத்த முறை ஓங்குமுன் அதன் தலையைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். காம்பில் நார் எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். ஆப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலைதான். அசைந்தால் தண்ணீரில் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குக் கொண்டு வாருங்கள். முதலில் சிரிப்போம், பிறகு சேர்ந்து செய்வோம்.